நைட் ஷிப்டில் முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

ஓவர்லாக் லைன் (திருப்பூர்), செவ்வாய் இரவு 11.20

வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பகல் ஷிப்டில் சுமார் 170 பேர். ஷிப்மென்ட் நெருக்கினால் நாற்பது, ஐம்பது பேர் இரவும் ஓடும்.

போன வாரம் இரவு ஒன்பதரைக்கு கட்டிங்கில் ஒரு ஒடிசா பையனுக்கு இடது உள்ளங்கையில் கட்டிங் மெஷின் பிளேடு இழுத்துவிட்டது. இரும்பு வலைக் கையுறை போடவில்லை, அது வேறு கதை. ரத்தம் மேசை முழுக்க. முதலுதவிப் பெட்டியைத் தேடி ஓடினேன். அது எச்ஆர் அறைக்குள் இருக்கிறது. அறை பூட்டியிருக்கிறது. எச்ஆர் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். வாட்ச்மேன் சாவிக்கொத்தில் அந்தச் சாவி இல்லை. கடைசியில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துப் பெட்டியை எடுத்தோம். திறந்தால் காய்ந்துபோன ஒரு பஞ்சு உருண்டை, பாதி டெட்டால், தேதி முடிந்த பிளாஸ்டர், யாரோ வைத்த தலைவலி மாத்திரை. அவ்வளவுதான். கட்டு போட ஒரு துணிச்சுருள் கூட இல்லை.

புதிய வெள்ளைத் துணி ரோலில் ஒரு துண்டு வெட்டி, மடித்து, கையில் அழுத்திப் பிடித்தபடி பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏழு தையல். விரல் அசைகிறது, நரம்பு தப்பியது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் உடைந்த கண்ணாடிக்குத்தான் விளக்கம் கேட்டார்கள். "பெட்டி ஆடிட்டுக்கு வச்சது. அடிபட்டா நேரா ஆஸ்பத்திரி போக வேண்டியதுதானே" என்றார்கள். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். சட்டம் இதில் என்ன சொல்கிறது? சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

---

பழைய சேஃப்டி (கோவை), புதன் காலை 6.05

தம்பி, முதலில் ஒன்று. கண்ணாடியை உடைத்தது சரி. அதற்காக நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டாம்.

நான் ஒரு நூற்பாலையில் 22 வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில், 2025 நவம்பரில் புதிய தொகுப்பு வரும்வரை அமலில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவு. பெட்டி எளிதில் எடுக்கும்படி இருக்க வேண்டும் என்பது புதியதிலும் அப்படியே. அரைப் பக்கம்தான் இருக்கும். அதில் ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்திப் படிக்க வேண்டியது.

வேலை நேரம் முழுக்க எளிதில் எடுக்கும்படி பெட்டி இருக்க வேண்டும் என்கிறது முதல் வரி. "வேலை நேரம் முழுக்க" என்றால் உங்கள் இரவு ஓவர்டைமும் அதில் சேர்த்திதான். பூட்டிய அறைக்குள் இருக்கும் பெட்டி சட்டத்தின் கண்ணில் இல்லாத பெட்டி.

அடுத்தது எண்ணிக்கை. ஒரே நேரத்தில் சாதாரணமாக வேலை செய்யும் 150 பேருக்கு ஒரு பெட்டிக்குக் குறையக் கூடாது. உங்களிடம் 170 பேர். ஆகவே இரண்டு பெட்டி. ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் கணக்கு தவறு.

பெட்டிக்குள் விதியில் சொன்ன பொருள்களைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது. தலைவலி மாத்திரை, மேலாளரின் கண்ணாடிக்கூடு, பீரோ சாவி இதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்வதுதான் முக்கியம். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக ஒரு பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். அவர் மாநில அரசு ஏற்றுக்கொண்ட முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலை ஓடும் நேரமெல்லாம் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் ஒரே ஆள் பெயரை எழுதுவது செல்லாது. பகல் ஷிப்டில் ஒருவரைக் காட்டி இரவையும் ஓட்டுவது செல்லாது. அவர் லீவு போட்டால் யார்? அந்தப் பதிலும் கம்பெனியிடம் இருக்க வேண்டும். நான் எங்கள் மில்லில் ஒரு ஷிப்டுக்கு மூன்று பேர் என்று வைத்திருந்தேன். ஒருவர் லீவு, ஒருவர் சாப்பாட்டில் என்றாலும் ஒருவர் இருப்பார்.

500 பேருக்கு மேல் இருந்தால் பெட்டி போதாது, தனியாக ஆம்புலன்ஸ் அறையும் அதற்கான மருத்துவ, செவிலிய ஆட்களும் வேண்டும். உங்களுக்கு அது வராது.

சாவிக்கு வருகிறேன். பெட்டிக்குப் பூட்டே வேண்டாம்.

---

எச்ஆர் மேசை, புதன் காலை 9.48

நான் வேறொரு கம்பெனியில் எச்ஆர். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் காலி. பிளாஸ்டர் வீட்டுக்குப் போகும், கத்தரி காணாமல் போகும். மாதக் கடைசியில் வாங்குவோர் ஆடிட் வந்தால் பெட்டியில் பொருள் இல்லை என்று எங்கள்மேல் குறை எழுதுவார்கள். பூட்டினால் எழுதுவதில்லை. யாருக்கும் கெடுதல் நினைத்துப் பூட்டவில்லை.

---

பழைய சேஃப்டி, புதன் காலை 10.30

உங்கள் சங்கடம் புரிகிறது, நானும் பட்டதுதான். ஒரு பிளாஸ்டிக் டேக் சீல் போடுங்கள். சிலிண்டர் தீயணைப்பானில் இருக்குமே, அதே மாதிரி. கையால் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அன்றே எண்ணிப் பார்த்துக் குறைந்ததை வையுங்கள். பெட்டிக்குள் சின்ன நோட்டு ஒன்று: யார், எப்போது, எதை எடுத்தார். எங்கள் மில்லில் இதை வைத்த பிறகு காணாமல் போவது பெருமளவு குறைந்தது.

அப்புறம் பிளாஸ்டர் வீட்டுக்குப் போகிறது என்றால் ஒன்றை யோசியுங்கள். தினமும் ஊசி குத்துகிற வேலை. ஒரு நாளைக்கு நாலு பிளாஸ்டர் தீருவது திருட்டாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை விரலில் குத்துகிறது என்று அந்த நோட்டுதான் உங்களுக்குச் சொல்லும். ஊசிக் காப்பு சரியாக இல்லாத மெஷின் எது என்று நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

---

நாலு தறி (சோமனூர்), புதன் மதியம் 1.15

எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் பேச்சாக இருக்கிறது. என்னிடம் பவர்லூம், 14 பேர். நாலு தறியில் ஆரம்பித்தேன், இன்னும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சான்றிதழுக்கு ஒருத்தனை அனுப்பினால் ஒரு நாள் கூலி, பயிற்சிக் காசு, தறி நிற்கும் நஷ்டம். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்று தெரியாது. அடுத்தவனை அனுப்ப வேண்டும். கூலி ஒப்பந்தமே இழுபறியில் நிற்கும்போது இதற்கெல்லாம் எங்கே போவது? சட்டம் எழுதுபவர்கள் தறிச்சத்தம் கேட்டிருக்கிறார்களா?

தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019இல் என் தறியில் ஒரு அம்மாவுக்குச் சேலை முந்தானை சுற்றி இழுத்தது. கரண்ட்டை அணைக்க நான்தான் ஓடினேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

---

வார்டு அக்கா, புதன் மதியம் 3.40

அண்ணா, அந்த ராத்திரி நீங்கள் கரண்ட்டை அணைத்ததுதான் முதலுதவி.

நான் செவிலியர், கேஷுவால்டியில் 11 வருடம். தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்தவுடனே அங்கே பயிற்சி பெற்ற ஆள் இருந்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். எதற்காக அரசாங்கம் "சான்றிதழ் வைத்தவர்" என்று சட்டத்தில் எழுதியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெட்டுக்காயத்தில் காபித்தூள் அப்பி வருவார்கள். ரத்தம் நிற்கும் என்று நம்பிக்கை. அதை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்கும் வலி, வெட்டிய வலியைவிடப் பெரிது. வேண்டியது சுத்தமான துணி, அதன்மேல் உள்ளங்கை பலம். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் அதன்மேலேயே இன்னொன்று வைத்து அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். இந்த இழை தொடங்கிய தம்பி செய்தது இதைத்தான், நன்றாகவே செய்திருக்கிறார். நூல்கயிறு வைத்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரம் தெரியாமல் ஒன்றரை மணி நேரம் கழித்து வருபவர்களும் உண்டு. அடக்கவே முடியாத ரத்தத்துக்கு, அதுவும் பழகியவர் மட்டும் செய்ய வேண்டியது அது. நேரத்தை எழுதியே ஆக வேண்டும்.

தையல் ஊசி விரலுக்குள் உடைந்தால் குறடு வைத்து இழுக்காதீர்கள். பாதி வந்து பாதி உள்ளே தங்கும். அசையாமல் கட்டி, உடைந்த மிச்சத் துண்டை ஒரு காகிதத்தில் ஒட்டி எடுத்துவாருங்கள். எக்ஸ்ரேவில் எவ்வளவு நீளம் தேட வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும்.

விரல் துண்டானால் பெரும்பாலும் ஐஸ் டம்ளரில் நேராகப் போட்டு வருகிறார்கள். ஐஸ் பட்ட சதை கெட்டுவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோவையிலும் விரலைத் திரும்ப ஒட்டும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கைக்குப் போய்ச்சேரும்போது அந்த விரல் உயிரோடு இருக்க வேண்டும். அது தொழிற்சாலைத் தரையில் முதல் பத்து நிமிடத்தில் தீர்மானமாகிறது.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம், மஞ்சள் வேண்டாம்.

"நேரா ஆஸ்பத்திரி போக வேண்டியதுதானே" என்று சொன்னார்களாமே. போக வேண்டும்தான். ஆனால் ரத்தம் ஆஸ்பத்திரி வரும்வரை காத்திருக்காது.

---

டையிங் ஷிப்ட், புதன் இரவு 8.02

அக்கா சொல்வது அத்தனையும் சரி. நான் சாயப்பட்டறையில். காஸ்டிக் சோடா தெறித்தால் கண் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என்கூட இருந்தவனுக்கு ஒரு கண் மங்கலாகிவிட்டது.

எனக்கு வேறு சந்தேகம். நாங்கள் கான்ட்ராக்ட்காரர் மூலம் வருகிறவர்கள். பெட்டி கம்பெனி ஆட்களுக்குத்தான், உங்களுக்கு உங்கள் கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள். கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. போன மாதம் ஒரு பையனுக்குக் கட்டு போட்ட செலவு என்று 180 ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடிக்கலாமா?

---

பழைய சேஃப்டி, புதன் இரவு 9.10

பிடிக்கக் கூடாது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆவது பிரிவிலேயே இது இருந்தது. இந்தச் சட்டப்படி முதலாளி செய்து தர வேண்டிய எந்த வசதிக்கும் தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. 180 ரூபாய் சின்னத் தொகையாக இருக்கலாம். ஆனால் அதைப் பிடித்தால் அடுத்தமுறை அடிபட்டவன் வாயைத் திறக்கமாட்டான், காயத்தை மறைத்துக்கொண்டே வேலை செய்வான். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

கான்ட்ராக்ட் விஷயமும் தெளிவாகவே இருக்கிறது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 19ஆவது பிரிவு, முதலுதவிப் பெட்டியைக் கான்ட்ராக்டர் வைக்க வேண்டும் என்றது. அடுத்த பிரிவு, 20. அவர் வைக்கவில்லையென்றால் முதன்மை முதலாளி, அதாவது உங்கள் கம்பெனி, வைத்தே ஆக வேண்டும் என்றது. செலவைப் பிறகு கான்ட்ராக்டரிடம் அவர்கள் வசூல் செய்துகொள்ளலாம் என்றும் இருந்தது. அது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. கண்ணில் காஸ்டிக் பட்டவன் அந்தக் கணக்கு முடியும்வரை நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

---

வார்டு அக்கா, புதன் இரவு 9.35

டையிங் தம்பிக்கு ஒன்று மட்டும். காஸ்டிக், ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். பெட்டியைத் தேடவே வேண்டாம். இமையைப் பிரித்துப் பிடித்து, தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள். சொட்டு மருந்து வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், எதையும் சேர்த்து "முறிக்க" வேண்டாம். அடிபட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. கெமிக்கல் ஊற்றும் இடத்திலிருந்து பத்து அடியில் தண்ணீர்க்குழாய் இருக்கிறதா என்று நாளைக்கே நடந்து பாருங்கள்.

---

ஜூரோங் தம்பி (சிங்கப்பூர்), வியாழன் காலை 7.20

தஞ்சாவூர்ப் பக்கம் என் ஊர், இங்கே கப்பல் பட்டறையில் ஒன்பது வருடம். இங்குள்ள முறையைச் சொன்னால் பயன்படலாம். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் கட்டாயம், 500 பேருக்கு மேல் என்றால் முதலுதவி அறை. எங்கள் பட்டறையில் ஒவ்வொரு நுழைவாசலிலும் பலகை இருக்கும். இந்த ஷிப்டின் முதலுதவியாளர் யார், போட்டோ, போன் நம்பர். தமிழ், வங்காளம், சீனம், ஆங்கிலம். நான் இரண்டு வருடமாக அதில் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன்தான். நெஞ்சை அழுத்தும் பயிற்சி, நிமிடத்துக்கு 100இலிருந்து 120 முறை, இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். பொம்மையில் செய்தே வேர்த்துவிட்டது.

படிப்பு இருந்தால்தான் வரும் என்று ஊரில் நினைக்கிறார்கள். கை பழகினால் வரும்.

---

நாலு தறி, வியாழன் காலை 11.00

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டன, இனி 20 பேருக்குக் கீழே இருந்தால் ஃபேக்டரியே இல்லை என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் என் 14 பேருக்கு இந்தக் கடமை எதுவும் இல்லை என்றுதானே ஆகிறது?

---

பழைய சேஃப்டி, வியாழன் மதியம் 12.25

பாதி சரி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் அமலில் இருக்கின்றன. அதில் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புதான் நமக்கானது. மின்சாரத்தோடு ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆகியிருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்பது 40. எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. விரல் போகும் இடங்களில் நிறைய, பத்துக்கும் இருபதுக்கும் நடுவே ஆள் வைத்திருக்கும் பட்டறைகள்.

ஆனால் அதே தொகுப்பு 10 பேர் இருந்தாலே "நிறுவனம்" என்று கணக்கிடுகிறது. அதன் 24ஆவது பிரிவில் நலவசதிகளை முதலாளி செய்து தர வேண்டும் என்கிறது. போதுமான முதலுதவிப் பெட்டி, வேலை நேரம் முழுக்க எளிதில் எடுக்கும்படி. பழைய சட்டத்தின் அதே சொற்கள். 500 பேருக்கு மேல் ஆம்புலன்ஸ் அறை என்பதும் அப்படியே, கட்டுமான இடங்களுக்கும் சேர்த்து. எத்தனை பேருக்கு எத்தனை பெட்டி, உள்ளே என்னென்ன என்பதெல்லாம் விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. நான் 150க்கு ஒன்று என்ற பழைய கணக்கையே குறைந்தபட்சமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆகவே உங்கள் 14 பேருக்கும் கடமை உண்டு, ஐயா. இன்னொன்று, 14 பேர் என்றால் இஎஸ்ஐயும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்கு வர முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் விபத்துப் பதிவேட்டில் எழுதி, படிவம் 12 என்ற விபத்து அறிக்கையை இஎஸ்ஐக்கு அனுப்பியிருக்க வேண்டும். பெட்டி இல்லாத இடத்தில் பதிவேடும் இருப்பதில்லை, அதுதான் நான் கண்டது. காயம் எழுதப்படாமல் போகும், பிறகு அந்த ஆள் பணத்துக்கு அலைவார்.

---

ஓவர்லாக் லைன், வியாழன் இரவு 10.15

சார், எங்கள் பையனுக்குப் படிவம் போகவில்லை என்று இன்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவன் ஒன்பது நாளாக வேலைக்கு வரவில்லை.

---

பழைய சேஃப்டி, வியாழன் இரவு 10.31

நாளைக் காலை முதல் வேலையாக அனுப்பச் சொல்லுங்கள். ஒன்பது நாள் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் பழைய சட்டத்தின் 88ஆவது பிரிவுப்படி ஆய்வாளருக்கும் அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், உங்கள் மாவட்டத்திலேயே அலுவலகம் இருக்கிறது. நிர்வாகத்திடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். "இதை நாமே அனுப்பிவிட்டால் நல்லது" என்று சொல்லுங்கள். தாமதமாக அனுப்பினாலும் மறைத்ததைவிட மேல். பழைய சட்டத்தின் 92ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருந்ததும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

---

எச்ஆர் மேசை, வெள்ளி காலை 9.05

நேற்று இரவு முழு இழையையும் படித்தேன். இன்று காலை எங்கள் மூன்று பெட்டியின் பூட்டையும் எடுத்துவிட்டேன். ஒரு பெட்டியில் பழைய காலத்துப் பட்டியல் ஒட்டியிருக்கிறது, அதில் "பாம்புக்கடிக் கத்தி" என்று ஒன்று. அது வாங்க வேண்டுமா?

---

வார்டு அக்கா, வெள்ளி காலை 9.50

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கடித்த இடத்தைக் கீறி ரத்தத்தை வெளியேற்றலாம் என்று நம்பிய காலத்தில் எழுதிய பட்டியல் அது. கூடவே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் இருக்குமே. கீறினால் விஷம் வெளியே வராது, ரத்தம்தான் நிற்காமல் போகும். கண்ணாடிவிரியன் கடியில் ரத்தம் உறையாது, அதில் கத்தியும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கடிபட்ட காலை அசைக்காமல், கயிறு கட்டாமல், படுக்கவைத்து 108க்குப் போன் செய்யுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

---

பழைய சேஃப்டி, வெள்ளி காலை 10.20

அக்கா சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளின் பட்டியலில் அந்தக் கத்தி எழுத்திலேயே இருந்தது. "பட்டியலில் உள்ளது இல்லை" என்று எழுதிய ஆய்வாளரையும் நான் பார்த்திருக்கிறேன். என் காலத்தில் கத்தியை வாங்கி, உறையைப் பிரிக்காமல் வைத்து, முதலுதவியாளர்களிடம் "இதைத் தொடக் கூடாது" என்று பயிற்சியில் சொல்லிவைத்தோம். சரியான வழியா என்று இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

---

வார்டு அக்கா, வெள்ளி காலை 10.41

சார், மன்னிக்கவும், இதில் நான் உங்களோடு சேர மாட்டேன். பதற்றத்தில் இருப்பவன் கையில் கிடைப்பதைத்தான் எடுப்பான். பெட்டியில் கத்தி இருந்தால் கீறுவான். ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்து விளக்கிக்கொள்ளலாம். கீறிய காலை என்னிடம் கொண்டுவந்தால் நான் யாரிடம் விளக்குவது? அதற்குப் பதிலாக இரண்டு ஜோடி கையுறை கூடுதலாக வையுங்கள். அடுத்தவர் ரத்தத்தில் கை வைப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டாமா?

---

பழைய சேஃப்டி, வெள்ளி காலை 10.58

சரிம்மா. நீங்கள் சொல்வதே நியாயம்.

---

நாலு தறி, சனி மாலை 5.30

நேற்று ஒரு பெட்டி வாங்கினேன். தறிக்கொட்டகைச் சுவரில், மெயின் சுவிட்ச் பக்கத்தில் மாட்டியாயிற்று. கரண்ட் அடித்தவருக்கு என்ன செய்வது என்ற படம் போட்ட அட்டை ஒன்று மாட்ட வேண்டும் என்று மின்சார விதியில் ரொம்ப காலமாகவே இருக்கிறதாம், எலக்ட்ரீஷியன் சொன்னார். அதையும் வாங்கினேன். பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்றுதான் குழப்பம். வடக்கிலிருந்து வந்த பையன்கள் போய்விடுவார்கள்.

---

ஜூரோங் தம்பி, சனி இரவு 9.00

அண்ணா, நீங்களே போங்கள். தறியைவிட்டு எங்கும் போகாத ஆள் நீங்கள்தானே. கூட ஒரு அக்காவையும் அனுப்புங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் பயிற்சி தருகிறார்கள். போய்விடும் பையன்களும் கற்றுக்கொண்டால் போகிற இடத்தில் யாரோ ஒருவருக்கு உதவும். என் சான்றிதழும் அப்படித்தான் ஆரம்பித்தது. சென்னையில் நான் வேலை செய்த முதல் இடத்தில் கற்றுக்கொண்டது, அந்த முதலாளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

---

ஓவர்லாக் லைன், இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.45

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படிவம் போய்விட்டது. முதலாளியிடம் நானும் கட்டிங் மாஸ்டரும் சேர்ந்து போய்ப் பேசினோம். 45ஆவது பிரிவை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொறுப்பாளர் பெயர்னு நாங்க எழுதியிருக்கறது ரெண்டு வருஷம் முன்னாடியே நின்னுபோன ஆளு" என்றார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. இரண்டு பெட்டி வந்திருக்கிறது. ஒன்று கட்டிங் பக்கம், இன்னொன்று தையல் லைன் நடுவில். பூட்டு இல்லை, டேக் சீல்தான். இன்று ஆறு பேருக்குப் பயிற்சி நடந்தது. அதில் மூன்று பேர் இரவிலும் வருகிறவர்கள். நானும் ஒருவன்.

ஞாயிறு பயிற்சிக்குச் சம்பளம் உண்டா என்பதில் இழுபறி. வேலைநாளாகக் கணக்கில் எடுத்து மாற்று லீவு தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

அடிபட்ட பையன் போன திங்கள் வேலைக்கு வந்தான். விரல் மடக்க இன்னும் கொஞ்சம் கஷ்டம். அவனைப் புதுப் பெட்டியிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது, அவனுக்கு இரண்டும் படிக்க வராது. அன்றைக்கு ராத்திரி அவன் ஏன் பெட்டி எங்கே என்று கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. எங்கள் இரவு ஆட்களில் பாதிப் பேர் அவன் ஊர்ப்பக்கம். இங்கே யாருக்காவது ஒடியா எழுத வருமா?

---

நாலு தறி, ஞாயிறு இரவு 9.20

என் தறியில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள், ஒருத்தன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என்னென்ன வரி வேண்டும் என்று இங்கே போடுங்கள். நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது எழுதவைத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எனக்கும் ஒரு தாள் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

---

ஓவர்லாக் லைன், ஞாயிறு இரவு 9.34

நன்றிங்க அண்ணா. நாலு வரி போதும்.

முதலுதவிப் பெட்டி இங்கே இருக்கிறது.
பூட்டு இல்லை, இழுத்துத் திற.
ரத்தம் வந்தால் துணியை வைத்து அழுத்து, கையை மேலே தூக்கு.
இந்த ஷிப்டில் உதவிக்கு யாரைக் கூப்பிட வேண்டும்: (பெயருக்கு இடம் விடச் சொல்லுங்கள், போட்டோவை நான் ஒட்டிக்கொள்கிறேன்.)